பையன் "வலது மூளைக்காரன்" என்கிறார்கள், தவிலை நிறுத்தச் சொல்கிறார்கள்: என்ன செய்யலாம்?

பாபநாசம் அம்மா:

வணக்கம். எங்களுக்குப் பாபநாசம் பக்கத்தில் கிராமம். பையன் பத்தாவது, ஆங்கில மீடியம். ஏழாவது படிக்கும்போதிலிருந்து தவில் கற்றுக்கொள்கிறான், சனி ஞாயிறு விடிந்ததும் வித்வான் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே புதுசாக ஒரு சொல் (வாயால் சொல்லிக் கையால் வாசிக்கிற தாளச் சொல்லுக்கட்டு) கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறான் என்று அவரே சொல்கிறார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு, பஸ் ஜன்னல் கம்பி, என் மாமியார் முதுகு என்று கை படுகிற இடமெல்லாம் வாசிப்புதான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து படித்த சமூக அறிவியல் காலையில் சுத்தமாக இல்லை. முதல் உலகப் போருக்கான காரணங்கள், ஐந்து பாயிண்ட், நானே பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தேன். காலையில் பஸ் வருவதற்கு முன் கேட்டால் ஒன்று, ஒன்றரை தேறுகிறது. காலாண்டில் அதே கேள்வி வந்தும் எழுதாமல் வந்திருக்கிறான்.

கும்பகோணத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு என் கொழுந்தனார் கூட்டிக்கொண்டு போனார். பத்து விரலையும் மெஷினில் வைத்து ரேகை எடுத்தார்கள், கலர் கலராகப் படம் போட்டு ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். வலது மூளை 72 சதவீதம், இடது 28. அதனால்தான் தாளம் வருகிறதாம், பாடம் வரவில்லையாம். இதைச் சரிசெய்ய "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" என்று இரண்டு நாள் வகுப்பு, அப்புறம் சில வாரம் தொடர் பயிற்சி, மொத்தம் 22,000 ரூபாய். எங்கள் கண்முன்னாலேயே ஒரு சின்னப் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு ரூபாய் நோட்டில் இருக்கிற நம்பரை வாசித்தது. கொழுந்தனார் அசந்துபோய் அங்கேயே 2,000 அட்வான்ஸ் கட்டிவிட்டார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், "பணம் பெரிசில்லை, சேர்த்துவிடு" என்கிறார். மாமியாரோ "தவிலைத் தூக்கிப் பரண்மேல் வை, படிப்பு தன்னால் வரும்" என்கிறார்.

நிஜமாகவே இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு என்று இருக்கிறதா? தவிலை நிறுத்தினால் படிப்புக்கு மூளையில் இடம் கிடைக்குமா? இந்த வகுப்பில் சேர்த்து யாருக்காவது பலன் கிடைத்திருந்தால் சொல்லுங்கள்.

மன்னை ஓய்வாசிரியர்:

அம்மா, மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். காரணத்தை அப்புறம் படியுங்கள், முதலில் இதை உங்கள் வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

நான் மன்னார்குடியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் பையனின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து நரம்பு மண்டலம் பாடத்தைப் பாருங்கள், மூளைப் படமே இருக்கும். அதில் நடுமூளை என்று போட்டிருப்பதுதான் இவர்கள் சொல்லும் மிட்பிரெயின். இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். வெளிச்சம் பட்டால் கண்பாவை சுருங்குவது, சத்தம் வந்த பக்கம் சட்டென்று தலை திரும்புவது, கண்ணை அசைப்பது, இந்த மாதிரி வேலைகளை அது பார்க்கிறது. அங்கே ஒரு பகுதியில் இருக்கும் நரம்பணுக்கள் அழிந்தால்தான் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. அதை யாரும் புதிதாக "ஆக்டிவேட்" செய்ய வேண்டியதில்லை. அது வேலை செய்யாவிட்டால் உங்கள் பையன் எழுந்து உட்கார்ந்து தவில் வாசிக்க முடியாது, சுயநினைவே இருக்காது.

கண்ணைக் கட்டி வாசிப்பதைப் பற்றி. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இரண்டு பக்கமும் இடுக்கு இருக்கும், அது வழியாகக் கீழே பார்க்கலாம். அந்தப் பெண் நோட்டை எங்கே வைத்துக்கொண்டு வாசித்தது? மார்புக்கு நேராக, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, மூக்கின் ஓரமாக நகர்த்தி நகர்த்தித்தானே? அடுத்த முறை அதே நோட்டை நெற்றிக்கு மேலே பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது நீச்சல் கண்ணாடிக்குள் கறுப்புத் தாள் ஒட்டி அதை மாட்டிவிடச் சொல்லுங்கள். "இன்று அலைவரிசை சரியில்லை" என்பார்கள். குழந்தையைக் குற்றம் சொல்லவில்லை, பெரியவர்கள் எதிர்பார்ப்பதை அது செய்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நடுமூளை நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வித்தை உண்மையென்றால் அவர்கள் பிரெய்ல் கற்றுக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்?

இடது வலது கதை ஒரு நல்ல ஆராய்ச்சியிலிருந்து கிளம்பி கெட்டுப்போனது. ரோஜர் ஸ்பெரி என்ற அமெரிக்கர், கடுமையான வலிப்புக்காக மூளையின் இடது, வலது அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிய நோயாளிகளை ஆராய்ந்தார். கண்ணுக்கு வலப்பக்கம் காட்டுவது இடது மூளைக்கும், இடப்பக்கம் காட்டுவது வலது மூளைக்கும் போகும். வலப்பக்கம் காட்டிய சொல்லை அவர்களால் சொல்ல முடிந்தது. இடப்பக்கம் காட்டினால் "ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள், ஆனால் இடது கை மட்டும் அந்தப் பொருளைச் சரியாகத் தடவி எடுத்துவிடும். 1981-ல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த வேலை அது. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம்தான் என்பதும் உண்மை. ஆனால் அவையெல்லாம் இணைப்பை வெட்டியவர்களின் மூளைகள். உங்கள் பையனுக்கு அந்த இணைப்பில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் ஒவ்வொரு நொடியும் பேசிக்கொண்டே இருக்கின்றன. 2013-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் கூடுதலாக நடப்பது தெரிந்தது, ஆனால் மொத்தமாகவே இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்கள் பிரியவில்லை.

விரல் ரேகை கருவிலேயே ஆறு மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடும், அப்புறம் சாகும்வரை மாறாது. அதனால்தான் பத்திரப்பதிவு ஆபீசில் அதை வாங்குகிறார்கள். மூளையோ கற்கக் கற்க மாறுகிற உறுப்பு. மாறவே மாறாத ஒன்றைப் பார்த்து, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு 72, 28 என்று மார்க் போடுவது எந்த ஊர் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

திருவாரூர் தவில்:

அக்கா, சார் மூளை விஷயத்தைச் சொல்லிவிட்டார். தவிலைப் பற்றி நான் சொல்கிறேன், கல்யாணம் கோயில் என்று அதை வாசித்துத்தான் சாப்பிடுகிறேன்.

தவில் "கலை", அதனால் கணக்கு வராது என்று சொன்ன ஆளை ஒரு கோர்வை, அதாவது கணக்குப் போட்டுக் கோத்து முடிக்கிற தாள முடிப்பு, போடச் சொல்லுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நாலு மாத்திரை வைத்தால் 32. ததிகிணதொம் அஞ்சு, மூணு தரம் வாசித்தால் பதினஞ்சு. மீதிப் பதினேழை முன்னாடி எப்படிப் பிரித்துப் போடுவது, நடுவில் எங்கே காலி விடுவது, பாட்டு தொடங்குகிற இடமான எடுப்பில் வந்து எப்படிச் சரியாக விழுவது, இதையெல்லாம் உருப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நாகஸ்வரக்காரர் திடீரென்று ஒன்று இழுத்துவிட்டால் கணக்கை அங்கேயே மாற்ற வேண்டும். வலது கையில் கூடு மாட்டிய விரல்கள் ஒரு வேலை, இடது கையில் பூவரசங்குச்சி வேறு வேலை. இதில் எந்தக் கை எந்த மூளை என்று அந்த மையத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.

பையனுக்குச் சொல் ஏன் நிற்கிறது, பாடம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஐயா பாடம் கொடுத்தால் முதலில் வாயால் சொல்ல வேண்டும், தொடையில் தாளம் போட்டுக்கொண்டே. தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். மறுநாள் போனதும் முதல் வேலை நேற்றையதை ஒப்பிப்பது, புதுப்பாடம் அப்புறம்தான். பத்து நாள் கழித்து, நாம் மறந்திருப்போம் என்று தெரிந்தே பழசைக் கேட்பார். நோட்டைப் பார்த்துச் சொல்லும் வழக்கமே கிடையாது. உங்கள் பையன் சமூக அறிவியலை எப்படிப் படிக்கிறான்? புத்தகத்தை விரித்து வைத்து, கோடு போட்டு, திரும்பத் திரும்பப் பார்க்கிறானா? அப்படித் தவில் படித்திருந்தால் அதுவும்தான் வந்திருக்காது.

தஞ்சை பிசியோ:

தவில் அண்ணன் சொன்னது ஆராய்ச்சியிலும் இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு பேர் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் ஜெயித்தார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "எல்லாம் தெரியுது அம்மா" என்று பையன் சொல்வது பொய்யில்லை, அப்போது தெரிகிறதுதான்.

அக்கா, நான் தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட், பக்கவாதம் வந்தவர்களோடுதான் என் நாள் போகிறது. இடமா வலமா என்பதை விட, ஞாபகம் என்பது ஒரே பொருள் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீரும்.

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது ஆளுக்கு வலிப்பை நிறுத்த ஒரு அறுவை செய்தார்கள். இரண்டு காதுகளுக்கும் நேர் உள்ளே, ஹிப்போகேம்பஸ் என்ற சின்ன வளைந்த பகுதி இருக்கிறது, அதில் பெரும்பகுதியையும் சுற்றியிருப்பதையும் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-ல் சாகும்வரை அவருக்குப் புது விஷயம் எதுவும் தங்கவில்லை, காலையில் பேசியவரை மதியம் யாரென்று கேட்பார். பழைய நினைவுகள் நிறைய இருந்தன, பேச்சு இருந்தது, அறிவுக்கும் குறையில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரப் படத்தின் கோட்டைப் பென்சிலால் வரைய வேண்டும். முயன்று பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும். மொலைசன் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், ஆனால் ஒவ்வொரு நாளும் "இதை நான் செய்ததே இல்லையே" என்றார். கைக்கு ஞாபகம் இருந்தது, ஆளுக்கு இல்லை.

அந்தக் கை ஞாபகத்துக்குச் சிறுமூளையும், பெருமூளையின் அடியில் இருக்கும் பேசல் கேங்லியாவும் வேண்டும். சைக்கிள், நீச்சல், நாற்று நடும் விரல், தவில், எல்லாம் அங்கே. பிடரிக்கு மேலே இருக்கும் சிறுமூளை, எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. இது திரும்பத் திரும்பச் செய்வதால் படியும், படிந்தால் லேசில் போகாது. முதல் உலகப் போர் ஹிப்போகேம்பஸ் வழியாகப் போக வேண்டிய சரக்கு. அது சீக்கிரம் நுழையும், சீக்கிரம் நழுவும். தூங்கும்போது, அதுவும் ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் கற்றது மறுபடி ஓட்டிப் பார்க்கப்பட்டு மூளையின் மேற்புறணியில் மெல்ல மெல்லப் பதிகிறது. பன்னிரண்டு மணி வரை உட்கார வைத்து ஐந்தரைக்கு எழுப்பினால் அந்த வேலைக்கே நேரம் இல்லை. இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

இன்னொன்று நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி. கவனத்தை ஒரு இடத்தில் வைப்பது, திட்டமிடுவது, "இப்போது போனை எடுக்கக் கூடாது" என்று அடக்குவது எல்லாம் அதன் பொறுப்பு, அது முழுதாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிவிடும். ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்தைத்தான் அது கையில் வைத்திருக்கும், சின்னத் திண்ணை மாதிரி, புது ஆள் வந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துதான் ஆக வேண்டும். பக்கத்தில் போன் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் யார் எழுந்து போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பரீட்சையில் தெரிந்ததும் வராமல் போவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஹிப்போகேம்பஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது, பயத்துக்கு மணி அடிப்பது அது. மன அழுத்தம் ஏறும்போது சுரக்கும் கார்டிசோல் நினைவை வெளியே எடுப்பதைக் கெடுக்கிறது. பஸ் வரும் நேரத்தில் வாசலில் நிறுத்தி ஐந்து பாயிண்டும் சொல் என்று கேட்டால் எனக்கே வராது அக்கா, தப்பாக நினைக்காதீர்கள்.

இடது வலது பற்றி ஒன்று, கண்ணால் பார்த்தது. அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், இடப்பக்க மூளையில் அடைப்பு, வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சில் "அது... அது..." தவிர எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் அழுவார். ஒரு நாள் நான் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும்போது பேத்தி சும்மா ஒரு தேவாரப் பதிகத்தை ஆரம்பித்தது. பாட்டி இரண்டாவது அடியிலிருந்து சேர்ந்துகொண்டு நாலு அடியையும் சொல் பிசகாமல் பாடினார், முடித்ததும் பேத்தி "தண்ணி வேணுமா ஆத்தா" என்று கேட்டதற்கு மறுபடி "அது... அது...". பேச்சை உருவாக்க இடப்பக்க முன்பகுதி முக்கியம் என்று 1861-லேயே பாரிஸில் ப்ரோக்கா கண்டுபிடித்தார். ஆனால் சின்ன வயதில் நெஞ்சில் ஏறிய பாட்டு வேறு பாதையில் வருகிறது, வலப்பக்கமும் அதற்குக் கைகொடுக்கிறது. ராகம் வைத்துச் சொற்களைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சை 1970-களிலிருந்து இருக்கிறது, எல்லோருக்கும் பலிக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை என்று கறாராகப் பிரித்திருந்தால் இந்தப் பாட்டிக்கு வாயே திறந்திருக்காது.

(சம்பந்தமில்லாமல் ஒன்று: வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று துவண்டாலோ, பேச்சு குழறினாலோ நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.)

குடந்தை அப்பா:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். என் மகளை இதே மாதிரி ஒரு வகுப்பில் சேர்த்தோம். கண்ணைக் கட்டிப் படிப்பதெல்லாம் எனக்கும் நம்பிக்கையில்லை, ஆனால் அதற்கப்புறம் கூச்சம் போய் நாலு பேர் முன்னால் பேசுகிறாள், மார்க்கும் கொஞ்சம் ஏறியது. பலன் இருந்தால் சரிதானே?

மன்னை ஓய்வாசிரியர்:

குடந்தை நண்பருக்கு, மகள் பேசுவது சந்தோஷம். அந்த வகுப்பில் மூச்சுப் பயிற்சி, விளையாட்டு, மேடையேற்றிக் கைதட்டல், எல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு நாள் முழுக்க ஒரு குழந்தையைப் பெரியவர்கள் கவனித்தால் அது மலரத்தான் செய்யும். அதற்கு நடுமூளையை இழுக்க வேண்டாம், 22,000-மும் வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், ஒரு குழந்தையிடம் "கட்டு வழியாகப் பார்த்துவிட்டு, பார்க்கவில்லை என்று சொல்" என்று மறைமுகமாகப் பழக்குகிறார்களே, அதுதான்.

தவிலால் மூளையில் இடம் அடைபடுமா என்று அம்மா கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அடைபடாது. 2000-ல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள், ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாகக் கற்று உரிமம் வாங்குகிறவர்கள் அவர்கள். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது, அனுபவம் கூடக் கூட அதிகம். 1995-ல் வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களைப் பார்த்தபோது, இடது கை விரல்களுக்கான மூளைப் பரப்பு கூடுதலாக இருந்தது, சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் கூடுதல். பயன்படுத்துகிற இடம் வளர்கிறது. அதற்காக இசை கற்றால் கணக்கும் அறிவியலும் தானாக வந்துவிடும் என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும், அதையும் நம்பாதீர்கள், அப்படி ஒன்று வலுவாக நிரூபிக்கப்படவில்லை. தவிலைத் தவிலுக்காக வைத்துக்கொள்ளுங்கள். குறைவது நேரம்தான், மூளையில் இடம் குறையாது. பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கச்சேரிக்குப் போக வேண்டாம், அவ்வளவே.

நாகை சிறப்பாசிரியர்:

நான் ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் கேட்கவில்லை. அவன் சத்தமாகப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? வரி தாண்டுகிறானா, ஒரு சொல்லைப் பார்த்து அதேபோல் தொடங்கும் வேறு சொல்லைச் சொல்கிறானா, தன் கையெழுத்தைத் தானே படிக்கத் திணறுகிறானா? வாயால் சொல்லிக்கொடுத்தால் உடனே பிடிக்கிறான், புத்தகத்திலிருந்து என்றால் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். நம் மூளை படிப்பதற்கென்று பிறந்ததில்லை, எழுத்து வந்தே சில ஆயிரம் வருடம்தான் ஆகிறது. பார்த்துப் பொருளை அடையாளம் காணும் பகுதியில், இடது பின்பக்கம் கீழே, ஒரு இடம் பழக்கத்தால் எழுத்துக்கு என்று மாறிக்கொள்கிறது, அதற்கும் ஒலியைக் கையாளும் பகுதிகளுக்கும் பாதை சரியாகப் போடப்பட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தப் பாதை சிரமமாக இருக்கும், புத்திசாலித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பெயர் டிஸ்லெக்சியா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. இருக்கிறது என்று சொல்லவில்லை, இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

பாபநாசம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரும் படித்தார், மீதிப் பணம் கட்டவில்லை.

நாகை டீச்சர் சொன்னபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். தமிழ்ப் பாடம் தங்குதடையில்லாமல் படிக்கிறான், கையெழுத்தும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படிக்கவும் வருகிறது, ஆனால் நடுவில் நிறுத்தி "இதற்கு என்னடா அர்த்தம்" என்றால் விழிக்கிறான். அந்த ஐந்து பாயிண்டில் கூட்டணி, ராணுவவாதம் என்று ஆங்கிலத்தில் வரும் சொல் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டித்தான் வைத்திருக்கிறான், அது ஒரு பொருளே இல்லை அவனுக்கு. டியூஷனில் கொடுத்த நோட்ஸ், அப்படியே எழுதினால் மார்க் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எந்த வாய்க்காலில் எந்த மடை திறந்தால் யார் வயலுக்கு முதலில் தண்ணீர் ஏறும் என்று மூன்று கிராமத்துக்குச் சொல்வார். லண்டன் டாக்சிக்காரன் கதையைக் கேட்டுவிட்டு "நம்ம மண்டையையும் ஒருத்தன் படம் எடுத்துப் பார்த்தா என்ன" என்றார். தவில் பரணுக்குப் போகவில்லை.

இப்போது படிப்பை எப்படி மாற்றுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

தஞ்சை பிசியோ:

அப்படியானால் விஷயம் இங்கேதான் இருக்கிறது அக்கா. மூளை புதுசை ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு சேர்த்துத்தான் பிடித்துக்கொள்ளும். ஒன்றோடும் ஒட்டாத ஒலியை எவ்வளவு நேரம் திணித்தாலும் வெளியேதான் நிற்கும். அவனுக்குச் சொல்லுக்கட்டு நிற்பதும் அதனால்தானே, "ததிகிணதொம்" என்றால் அஞ்சு என்று கை விரலுக்குத் தெரியும்.

முதலில் பாடத்தைத் தமிழில் கதையாகப் புரிந்துகொள்ளட்டும், தமிழ் மீடியப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், பக்கத்துக்குப் பக்கம் அதே பாடம். அப்புறம் ஆங்கிலத்தில் அவன் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். ராத்திரி பத்தோடு நிறுத்துங்கள், போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். மறுநாள் சாயந்தரம் புத்தகத்தை மூடி வைத்து வெறும் தாளில் நினைவிருப்பதை எழுதி, அப்புறம் திறந்து பார்த்து விட்டதை நிரப்பட்டும். மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. ஆரம்பத்தில் பாதிகூட வராது, அவனும் எரிச்சலாவான், நீங்களும் "முன்னாடியே தேவலை" என்று நினைப்பீர்கள். அந்தத் திணறலில்தான் பதிகிறது.

திருவாரூர் தவில்:

கேள்வி கேட்கிற வேலையை ஆத்தாவிடம், உங்கள் மாமியாரிடம், கொடுங்கள் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பையன் பாடத்தைச் சொல்லிப் புரியவைத்துவிட்டால் அதைவிடப் பரீட்சை வேறு இல்லை. "அவன் சுட்டதுக்கு இவன் ஏன் சண்டைக்குப் போனான்" என்று ஆத்தா கேட்டால் அவன் கூட்டணியை விளக்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும். பாடத்தையும் தாளம் போட்டு மனப்பாடம் செய்யலாமே என்று அவனுக்கு யோசனை வரும், எனக்கும் வந்தது. வருஷம், பெயர், தனிமங்களின் வரிசை, இதற்கெல்லாம் நன்றாக உதவும். காரணம் எழுதும் கேள்விக்கு உதவாது, தாளம் நிற்கும், பொருள் நிற்காது.

பாபநாசம் அம்மா:

நேற்று ராத்திரி ஆரம்பித்துவிட்டோம். ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது 1914 ஜூன் 28, சரயேவோவில், என்று சொன்னான். மாமியார் கேட்ட முதல் கேள்வி, "சுட்டவன் எந்த ஊர்க்காரன், அவனைப் பிடிச்சா முடிஞ்சுதே, அதுக்கு ஜெர்மனிக்காரனுக்கு என்ன வந்துச்சு". அவன் எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தான்.

கடைசியாக ஒன்று. அந்த 2,000 அட்வான்ஸைத் திரும்பக் கேட்டதற்கு "சீட் பிளாக் ஆகிவிட்டது" என்று கொழுந்தனாரிடம் சொல்கிறார்களாம், தினமும் போன் வேறு. விட்டுவிடலாமா?

குடந்தை அப்பா:

விடாதீர்கள். ரசீது இருக்கிறதா என்று பாருங்கள், திருப்பித் தரமாட்டோம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை, சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள், அந்த 72, 28 பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.